தட்டுவது யாரென்று

கதக்
12 ஜூன் 2002

மௌலாசாப் அண்ணனுக்கு, சாவந்திரவ்வா எழுதுவது. சரணு, கும்பிடுகிறேன்.

கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துவிடாதீர்கள். கிழிப்பதென்றால் படித்துவிட்டுக் கிழியுங்கள். சமாதானம் பேச எழுதவில்லை. எனக்கு ஒரு விவரம் தெரிய வேண்டும், அது உங்கள் ஒருவரிடம்தான் இருக்கிறது.

எனக்குக் காது போய்விட்டது. யுகாதி கழிந்து ஒரு வாரம். அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தேன். மகள் கஸ்தூரி ஓடிவந்து என் தோளைப் பிடித்து உலுக்கினாள். பக்கத்திலேயே குக்கர் ஏழு விசில் அடித்துவிட்டதாம். பருப்பு கரிந்த வாசனை வந்தது, விசில் வரவில்லை. மே மாதம் முடிவதற்குள் இரண்டு காதும் மூடிக்கொண்டன. இப்போது அவள் என்னிடம் சிலேட்டில் எழுதித்தான் பேசுகிறாள்.

ஹுப்ளியில் டாக்டரைப் பார்த்தோம். "எப்போதிலிருந்து?" என்று எழுதிக் கேட்டார். யுகாதியிலிருந்து என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு எழுதினார்: "இது இரண்டு மாதத்தில் வந்ததல்ல. வருஷக் கணக்கில் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. நீங்கள் நாடகத்தில் பாடுகிறவர். கூட இருந்தவர்கள் யாருமே கவனிக்கவில்லையா?"

யாரைக் கேட்பது? கஸ்தூரி தார்வாடில் விடுதியில் படித்துக்கொண்டிருந்தாள். நாடகக் கம்பெனி முதலாளி சங்கண்ணாவைக் கேட்டால், "கடைசி நாள் வரைக்கும் குயிலாட்டம் பாடினா"ன்னு சொல்கிறார். அவருக்கு டிக்கெட் கிழிந்தால் குயில், கிழியாவிட்டால் காக்கை. பத்தொன்பது வருஷம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு மூன்று முழத் தூரத்தில் தபலா வாசித்தவர் நீங்கள். எப்போது கவனித்தீர்கள்? உண்மையை எழுதுங்கள்.

போன ஜனவரியில் பனசங்கரி கோயில் ஜாத்திரையில் செய்ததை மறந்துவிட்டேன் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஆறு மணி ஆட்டம், கொட்டகை நிறைந்த கூட்டம். நான் பல்லவியை இரண்டாவது தடவை எடுக்கிறேன், நீங்கள் தபலாவை நிறுத்தினீர்கள். கையைத் தூக்கினீர்கள். கொட்டகை மொத்தமும் என்னைப் பார்த்துச் சிரித்தது. என் சுருதி விலகியிருந்தால் ஆட்டம் முடிந்து சொல்லியிருக்கலாமே? அதற்கப்புறம் நான் பேசியது அதிகம்தான். "இவர் இருந்தா நான் இல்லை" என்று முதலாளியிடம் சொன்னதும் நான்தான். ஆனால் தொடங்கியது நீங்கள்.

பதில் போட்டால் போடுங்கள்.

சாவந்திரவ்வா


குளேதகுட்டா
21 ஜூன் 2002

சாவந்திரவ்வாவுக்கு, சலாம்.

கடிதம் வந்து ஏழு நாள் ஆகிறது. என் வீட்டுக்காரி மஹபூபி அதை அடுப்பில் போடச் சொன்னாள். நான் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். எனக்கு நீளமாக எழுத வராது. பொறுத்துக்கொள்.

இரண்டரை வருஷம் முந்தி, லக்ஷ்மேஷ்வர் முகாமில் கவனித்தேன். வீரேஷ் ஆர்மோனியத்தில் அரைக் கட்டை இறக்கி வாசித்தான். நீ பழைய இடத்திலேயே எடுத்தாய். தலைவலி என்றாய். நம்பினேன். அடுத்த வாரமும் அதுவே நடந்தது. அப்புறம் நீ ஆர்மோனியத்தை விட்டுவிட்டு என் இடது கையைப் பார்த்துப் பாட ஆரம்பித்தாய். அறிந்து செய்தாயா, தெரியாது. உன் கண் அந்த இடது கைத் தபலாவின், டக்காவின் மேலேயே இருந்தது.

நான் டக்காவை முரட்டுத்தனமாக அடிக்க ஆரம்பித்தேன். முதலாளி, "என்ன சாப், கழுதை விரட்டறீங்களா?"ன்னு கேட்டார். மேடைப் பலகை அதிர வேண்டும் என்பதற்காக அடித்தேன். நீ செருப்பில்லாமல் ஆடுகிறவள். பலகை அதிர்ந்தால் உன் காலுக்குத் தெரியும். இரண்டு வருஷம் நீ காலால் கேட்டுப் பாடினாய். வீரேஷும் நானும் உன் சுருதி போகிற பக்கம் பின்னாலேயே போனோம்.

உன்னிடம் சொல்லவில்லை. கதாநாயகிக்குக் காது கேட்கவில்லை என்று ஒருவன் வாயிலிருந்து வந்தால் மறுநாளே வேறு கதாநாயகி வந்துவிடுவாள். அந்தப் பயம். உன்னைக் காப்பாற்றினேனா, உன் காதைக் கெடுத்தேனா என்று எனக்கு இப்போது தெரியவில்லை. டாக்டரிடம் கேள். இரண்டு வருஷம் முன்பே வந்திருந்தால் காது நின்றிருக்குமா? பதில் எதுவானாலும் மறைக்காமல் எழுது.

பனசங்கரி விஷயம். நான் சுருதிக்காக நிறுத்தவில்லை. அரண்மனைப் படுதாவின் மரக்கழி உனக்குப் பின்னால் மேலே தொங்கியது. கயிறு நழுவிவிட்டது. பக்கத்திலிருந்து எல்லாரும் "போகாதே, நில்லு"ன்னு கத்தினோம். நீ பாடிக்கொண்டே அதற்கு நேர் கீழே போகிற மாதிரி பின்னுக்கு நகர்ந்தாய். இன்னும் இரண்டு எட்டு. தபலா நின்றால் நீ நிற்பாய் என்று எனக்குத் தெரியும். நிறுத்தினேன். நின்றாய். கையைத் தூக்கியது அசையாதே என்பதற்கு.

ஜனங்கள் சிரித்தது பர்மண்ணாவைப் பார்த்து. மாமியார் வேஷத்தில் இருந்தவன், புடவையைத் தொடைக்கு மேல் செருகிக்கொண்டு ஓடிவந்து கயிற்றில் தொங்கினான். உள்ளே கோடு போட்ட அண்டர்வேர். எல்லாம் உன் முதுகுக்குப் பின்னால். என்னை நம்ப வேண்டாம், அவனையே கேள்.

அன்றைக்கே நான் ஏன் விளக்கவில்லை என்று கேட்பாய். நாற்பது பேர் முன்னால் "என் பாட்டுல சோறு தின்ன பயலே"ன்னு சொன்னாய். அதற்கப்புறம் எனக்கு வாய் வரவில்லை.

மௌலாசாப்


கதக்
3 ஜூலை 2002

அண்ணா,

பர்மண்ணாவை வரச்சொல்லிக் கேட்டேன். அவன் எழுதிக் காட்டுகிற ஜாதியா? கஸ்தூரியின் தாவணியை வாங்கி இடுப்பில் சுற்றிக்கொண்டு, என் அடுப்படியில், துணி காயப்போடுகிற கொடியைப் பிடித்துத் தொங்கி, முழுவதையும் நடித்துக் காட்டினான். கொடி அறுந்து விழுந்தான். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்த வாயோடு அழுதேன்.

"அப்பவே ஏண்டா சொல்லலே?" என்று கேட்டேன். அவன் தலையில் அடித்துக்கொண்டு சிலேட்டைப் பிடுங்கி எழுதினான்: "மூணு தடவை சொன்னேன் அக்கா. நீ மூணு தடவையும் ஆமா ஆமான்னு தலையாட்டினே. தெரிஞ்சும் அவரைத் துரத்தறியேன்னு உன்மேல எனக்குக் கோபம்."

உண்மை அண்ணா. தலையாட்டுவது எனக்குப் பழக்கமாகியிருந்தது. யார் என்ன சொன்னாலும் ஆமாம் என்று விடுவேன். "என்ன?" என்று இன்னொரு தடவை கேட்க வெட்கம். அன்றைக்கு என் கண்ணுக்குத் தெரிந்தது உங்கள் கையும் ஜனங்களின் பல்லும் மட்டும்தான். மீதியை மனசு தானாகவே வசனம் எழுதிப் போட்டுக்கொண்டது. ஒரு வார்த்தைகூட காதில் விழவில்லை, ஆனால் "இவளுக்குச் சுருதி நிக்கலே"ன்னு நீங்கள் சொன்னது எனக்கு அவ்வளவு தெளிவாகக் கேட்டது. எழுதியதுதான் எழுதியது, நல்ல வசனமாவது எழுதியிருக்கலாம் பாழாய்ப்போன மனசு. பத்தொன்பது வருஷத்தில் ஒரு தாளம் தவறவிடாத மனுஷனுக்குப் போய் அதை எழுதியது.

நான் சொன்ன அந்த வார்த்தைக்கு உங்கள் காலில் விழ வேண்டும். நேரில் விழுவேன். இப்போதைக்குக் காகிதத்தில் விழுகிறேன்.

டாக்டரிடம் கேட்டேன். மறைக்காதே என்றீர்கள், மறைக்கவில்லை. "முன்பே வந்திருந்தால் மருந்து கொடுத்துப் பார்த்திருப்போம். நின்றிருக்கும் என்றும் சொல்ல முடியாது, நிற்காது என்றும் சொல்ல முடியாது" என்று எழுதினார். அதைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க உங்கள் மேல் கோபமாக இருந்தேன். சாப்பிடக்கூட இல்லை. மறுநாள் பழைய முகாம் நோட்டுப் புத்தகத்தை எடுத்து, அந்த இரண்டு வருஷத்தில் நான் மேடையேறிய ஊர்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். முண்டரகி, யலபுர்கா, ஹுனகுந்த், சிந்தகி... படிக்கப் படிக்கக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அத்தனை ஊரிலும் நான் பாடினேன். நீங்கள் பாட வைத்தீர்கள்.

ஆகஸ்டில் பெங்களூரில் காதுக்கு அறுவை சிகிச்சை. உள்ளே ஒரு கருவி வைப்பார்கள். ஒரு தர்ம ஸ்தாபனம் செலவை ஏற்றுக்கொண்டது. பயமாக இருக்கிறது.

உங்கள் தங்கை
சாவந்திரவ்வா


குளேதகுட்டா
14 ஜூலை 2002

தங்கச்சிக்கு, சலாம்.

நீ மன்னிப்புக் கேட்ட இடத்தை மஹபூபிக்கு வாசித்துக் காட்டினேன். "இன்னொரு தரம் வாசி"ன்னா. வாசித்தேன். "இன்னொரு தரம்"ன்னா. மூன்று தரம் வாசித்தேன். கடைசியில், "இவ்வளவு எழுதக் கை வலிச்சிருக்கும் பாவம்"ன்னு சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனாள். அவளிடமிருந்து அதற்கு மேல் யாருக்கும் கிடைத்ததில்லை.

எனக்கு வருத்தம் முழுக்கப் போய்விட்டதா என்று கேட்டால், கொஞ்சம் இருக்கிறது. பொய் சொல்ல வராது. சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிறேன். முகூர்த்த நாளில் கல்யாண பேண்டில் வாசிக்கிறேன். ஒட்டும்போது உன் நினைப்பு வந்தால் ரப்பரைக் கொஞ்சம் அழுத்தித் தேய்க்கிறேன். அவ்வளவுதான்.

பயப்படாமல் போய் வா. துவா செய்கிறேன்.

மௌலாசாப்


பெங்களூர்
28 செப்டம்பர் 2002

அண்ணா,

இதை யாரிடமும் சொல்லாதீர்கள். கஸ்தூரிக்குக்கூடத் தெரியாது.

அறுவை நன்றாக முடிந்தது. தையல் போட்ட இடம் ஆறியதும் நேற்று முன்தினம் கருவியை முடுக்கினார்கள். காதுக்குப் பின்னால் ஒரு வட்டம், காந்தம் போல ஒட்டிக்கொள்கிறது. கஸ்தூரி எதிரே உட்கார்ந்திருந்தாள், கையில் ஒரு டப்பா தார்வாட் பேடா. எனக்குக் காது கேட்டதும் என் வாயில் போட. அவள் என்னை "அவ்வா"ன்னு கூப்பிட்டு வாயசைத்தாள்.

எனக்குக் கேட்டது தகர டப்பாவுக்குள் வாத்து.

என் மகள் குரல் அது இல்லை. யாருடைய குரலும் இல்லை. டாக்டர் பேசினாலும் அதே வாத்து. நாற்காலியை இழுத்தால், ஆட்டோ போனால், தண்ணீர் ஊற்றினால், எல்லாம் ஒரே கிர்ர்ர், ஒரே டிக்டிக். அவள் முகத்தைப் பார்த்து, "கேட்டுச்சு கண்ணே, கேட்டுச்சு"ன்னு சொல்லி பேடாவை வாயில் போட்டுக்கொண்டேன். மறுபடியும் தலையாட்டிவிட்டேன் அண்ணா.

இங்கே நந்தினி என்று ஒரு பெண். கேட்கப் பழக்குவதுதான் அவள் வேலை, வயது இருபத்தாறு இருக்கும். தினமும் எழுதி எழுதிப் புரியவைக்கிறாள். காதுக்குள் ஆயிரக்கணக்கில் மெல்லிய மயிர் மாதிரி இருக்குமாம், ஒலி வந்தால் அசையுமாம். எனக்கு அவை எல்லாம் போய்விட்டன. அதற்குப் பதில் இந்தக் கருவியில் இருபத்திரண்டு கம்பிகள். "காது கதவைத் தட்டறதோட சரிம்மா. தட்டறது யாருன்னு சொல்றது மனசு. உங்க மனசுக்குப் பழைய தட்டல்தான் தெரியும், இது புது விதமான தட்டல். பழக நாளாகும்" என்று எழுதினாள். நாளாகும் என்றால் எவ்வளவு? சொல்ல முடியாதாம்.

நேற்று பிடிவாதமாக, நான் பாடிய கேசட்டைப் போடச் சொன்னேன். போட வேண்டாம் என்று கெஞ்சினாள். போடவைத்தேன். பாட்டு என்றே தெரியவில்லை. யாரோ இரும்புக் கட்டிலை இழுத்தார்கள். அது சாவந்திரவ்வா என்று கேசட் உறையில் எழுதியிருந்ததால் தெரிந்தது.

வட்டத்தைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டேன். அமைதியாக இருக்கிறது. இப்படியே இருந்துவிடலாம் போலிருக்கிறது.

சாவந்திரவ்வா


குளேதகுட்டா
8 அக்டோபர் 2002

தங்கச்சிக்கு,

வட்டத்தை எடுத்து மாட்டு. மாட்டிக்கொண்டு மீதியைப் படி.

நான் படித்தவன் இல்லை. அந்த நந்தினிப் பெண் சொல்வதைவிட எனக்கு எதுவும் தெரியாது. ஆனால் ஒன்று சொல்கிறேன். நீ பாட்டைத் தேடுகிறாய். பாட்டு ரொம்பப் பெரிய வீடு. இருபத்திரண்டு கம்பியை வைத்துக்கொண்டு முதல் நாளே அதற்குள் போக முடியுமா? சின்னதாகத் தேடு. ஒன்று எப்போது தொடங்குகிறது, எப்போது நிற்கிறது. அது மட்டும் போதும். நான் வாழ்க்கை முழுக்க அதை மட்டும்தான் கேட்டேன். உன் சுருதி இனிமையாக இருக்கிறது என்று மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம் நீ எந்த இடத்தில் மூச்சு எடுப்பாய் என்பது.

கஸ்தூரியிடம் உண்மையைச் சொல்லிவிடு. வாத்து என்றே சொல். அவளுக்குச் சிரிப்பு வரும். நீ தலையாட்டியும் நான் மறைத்தும்தான் நாம் இரண்டு பேரும் அரை வருஷத்தைத் தொலைத்தோம்.

நீ கதக் திரும்பியதும் ஒரு நாள் வரலாமா என்று யோசிக்கிறேன். மஹபூபியைக் கேட்டேன். "இதையெல்லாம் என்னைக் கேக்கணுமா? தபலாவைத் துடைச்சு வெச்சு நாலு நாளாச்சு"ன்னா.

மௌலாசாப்


கதக்
25 நவம்பர் 2002

அண்ணா,

நீங்கள் பஸ் ஏறிப் போய் பத்து நாள் ஆகிறது. காலில் விழ வந்தவளைப் பிடித்து, "எழுந்திரு, முட்டி தேஞ்சுடும்"ன்னு சொல்லிவிட்டீர்கள். வேறு எதையும் பேசவிடவில்லை. அதனால் எழுதுகிறேன்.

கஸ்தூரியும் நீங்களும் சேர்ந்து செய்த சதியை அவள் அப்புறம்தான் சொன்னாள். நான் முதுகைக் காட்டி உட்கார்ந்து எண்ணெய்க் கத்திரிக்காய்க்குக் காய் கீறிக்கொண்டிருந்தேன். வாத்துச் சத்தங்கள் வழக்கம்போல வந்துகொண்டிருந்தன. ஒன்றரை மாதத்தில் கதவுக்கும் குக்கருக்கும் வித்தியாசம் தெரிந்திருந்தது, கஸ்தூரியின் பேச்சில் பாதி பிடிபட ஆரம்பித்திருந்தது. அவ்வளவுதான். அப்போது பின்னால் ஒன்று தொடங்கியது. தொடங்கிய உடனே கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். அது எதன் மாதிரியும் இல்லை. தகரம் இல்லை, வாத்து இல்லை. அது தபலா. தபலா மாதிரி ஒன்று என்று சொல்லவில்லை அண்ணா, தபலாவே. பதினாறு மாத்திரையும் ஒவ்வொன்றாக வந்து தன் தன் இடத்தில் உட்கார்ந்தது. ஒன்பதாவதில் டக்கா விட்ட இடம் வெறுமையாக இருந்தது, அந்த வெறுமைகூடக் கேட்டது. பன்னிரண்டாவதைக் கொஞ்சம் தாமதித்துப் போடுகிற திமிர் கர்நாடகம் முழுக்க ஒரே ஒரு கைக்குத்தான் உண்டு.

திரும்பிப் பார்க்காமலே, "மௌலாசாப் அண்ணா எப்ப வந்தீங்க?"ன்னு கேட்டேன்.

நீங்கள் வாசிப்பை நிறுத்தவே இல்லை. தலையைக் குனிந்துகொண்டு வாசித்தீர்கள். தாடி ஏன் நனைந்தது என்று கஸ்தூரி கேட்டதற்கு, கத்திரிக்காய்க்கு வெங்காயம் அதிகம் என்று சொன்னீர்களாம். எண்ணெய்க் கத்திரிக்காய்க்கு நான் இன்னும் வெங்காயமே நறுக்கவில்லை.

நந்தினிக்கு எழுதிக் கேட்டேன். பதில் வந்துவிட்டது. இந்தக் கருவி சுருதியைச் சரியாகக் கொண்டுவராது, ஆனால் தாளத்தை அப்படியே கொண்டுவந்துவிடும், அதனால்தான் அது முதலில் திரும்பியது என்கிறாள். நல்ல பாட்டு மறுபடி கேட்கும் என்று நம்பிக்கை வைத்துக்கொள்ள வேண்டாம் என்றும் நேராக எழுதிவிட்டாள். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வாசலில் போய் நின்றேன். பிறகு உள்ளே வந்து, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி கஸ்தூரியை மேஜையில் தாளம் தட்டிக்கொண்டே பேசச் சொன்னேன். தட்டல் வந்த இடத்தில் வார்த்தையும் வந்து நின்றது. நேற்று மாலை அவள் தட்டாமலே, அடுத்த அறையிலிருந்து, "அவ்வா, என் சீப்பு எங்கே?"ன்னா. "ஜன்னல்ல இருக்கு பாரு"ன்னேன். சொல்லிவிட்டுத்தான் இரண்டு பேருக்கும் உறைத்தது. அவள் சீப்பைத் தேடப் போகவில்லை. என்னிடம் ஓடிவந்தாள்.

முதலாளி ஆள் அனுப்பியிருக்கிறார். புது நாடகத்தில் ராஜமாதா வேஷம், பாட்டுக் கிடையாது, வசனம் மட்டும். மௌலாசாப் வாசித்தால் வருகிறேன் என்று சொல்லியனுப்பிவிட்டேன். உங்களைக் கேட்காமல் சொன்னது தப்பு என்றால் திட்டுங்கள்.

சாவந்திரவ்வா


குளேதகுட்டா
6 டிசம்பர் 2002

தங்கச்சிக்கு, சலாம்.

திட்ட ஒன்றும் இல்லை. முதலாளி நேரிலேயே வந்துவிட்டார். மஹபூபி அவருக்கு டீ கொடுப்பதற்கு முன்னால், "கயிறெல்லாம் புதுசு மாத்தியாச்சா?"ன்னு கேட்டாள். மாற்றியாகிவிட்டது என்று சத்தியம் செய்தார். அப்புறம்தான் சர்க்கரை போட்டாள்.

எனக்குக் கொஞ்சம் பயம் இருக்கிறது. கொட்டகைச் சத்தத்தில், விசில் கூச்சலில், உன் கருவி என்ன செய்யும்? அடுக்களை வேறு, கொட்டகை வேறு. நீ இடம் தவறினால் ஜனங்கள் விடமாட்டார்கள். யோசித்துக்கொள். நீ வருவதானால் நான் வருகிறேன். சைக்கிள் கடைக்காரனிடம் சொல்லிவிட்டேன்.

மௌலாசாப்


குஷ்டகி முகாம்
9 மார்ச் 2003

அண்ணா,

நான்கு கூடாரம் தள்ளி இருக்கிறவருக்குக் கடிதமா என்று சிரிக்காதீர்கள். நேரில் சொன்னால், "ஏய், போ தங்கச்சி"ன்னு பீடி பற்றவைக்கப் போய்விடுவீர்கள். பர்மண்ணாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நேற்று முதல் ஆட்டம். நீங்கள் பயந்தது சரிதான். படுதா தூக்கியதும் ஜனக்கூச்சல் மொத்தமும் ஒரு பெரிய தகர மழையாக என் தலைக்குள் கொட்டியது. எதிரே மந்திரி வாயை அசைக்கிறார், ஒரு எழுத்து பிடிபடவில்லை. என் வசனம் எப்போது என்று தெரியவில்லை. முன்பானால் தலையாட்டிச் சமாளித்திருப்பேன். நேற்று அப்படிச் செய்யவில்லை. நேராக உங்கள் பக்கம் திரும்பி, எனக்குக் கேட்கவில்லை என்று காதைத் தொட்டுக் காட்டினேன். ஜனங்கள் அதை ராஜமாதாவின் கோபம் என்று எடுத்துக்கொண்டு கை தட்டினார்களாம், பர்மண்ணா சொன்னான். நீங்கள் மந்திரியின் பேச்சு முடிகிற இடத்தில் ஒரே ஒரு அடி போட்டீர்கள். இவ்வளவு கூச்சலுக்கு நடுவில் அது மட்டும் பிரிந்து வந்தது. நான் பேசினேன். அப்புறம் கடைசி வரைக்கும் ஒரு இடம்கூடத் தவறவில்லை.

புதுப் பெண் பாடும்போது பக்கத்தில் நின்று கேட்டேன். அது பாட்டாக வரவில்லை. பானைக்குள் யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. முன்வரிசையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்து, நன்றாகத்தான் பாடுகிறாள் என்று தெரிந்துகொண்டேன். பொறாமை வரும் என்று எதிர்பார்த்தேன். கொஞ்சம் வந்தது. ஆனால் அந்தப் பானைச் சத்தத்துக்குக் கீழே உங்கள் கை போய்க்கொண்டே இருந்தது, நான் அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். பத்தொன்பது வருஷம் அது என் பாட்டுக்குக் கீழேயும் இப்படித்தான் போயிருக்கிறது. ஒரு நாள்கூட உட்கார்ந்து கேட்டதில்லை. பாடுகிறவளுக்கு அதைக் கேட்க எங்கே நேரம்? இப்போது எனக்கு நேரம் இருக்கிறது.

காலால் கேட்க வைத்த இரண்டு வருஷத்துக்கு நன்றி. பனசங்கரியில் நிறுத்திய கைக்கு நன்றி. மஹபூபி அண்ணிக்குத் தனியாக எழுத வேண்டும், அவளிடம் எனக்கு இன்னும் பயம். என் வாயிலிருந்து அப்படியொரு வார்த்தை வாங்கிக்கொண்டும், என் கடிதத்தை ஏழு நாள் பையில் வைத்துக்கொண்டு திரிந்தீர்களே, அடுப்பில் போடாமல், அதற்குத்தான் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. என்னிடம் இருக்கிறது இந்த இருபத்திரண்டு கம்பி. அதில் முதலில் வந்து உட்கார்ந்தது நீங்கள்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம் அண்ணா. டீ போட்டு வைத்திருக்கிறேன். வந்து என்ன சொல்ல வேண்டுமோ வாயால் சொல்லுங்கள். கேட்கிறேன்.

சாவந்திரவ்வா